யாருக்கும் ஒன்றுமில்லை

ஜூன் 12, திங்கள்

காலையில் சாளை வாங்கிக் கழுவி, மஞ்சள் தடவி வைத்துவிட்டுப் போனேன். வந்து குழம்பு வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். மீன் அப்படியே ஃபிரிஜ்ஜில் இருக்கிறது. கைக்கு அலுப்பாக இருக்கிறது.

கம்பெனியில் இன்று அமோனியா கசிந்தது. இறால் உரிக்கும் கூடத்துக்கும் குளிரூட்டும் இயந்திர அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதற்கு மேலே போகும் குழாயில் எங்கேயோ விட்டிருக்கிறது. பெண்கள் டீக்கு எழுந்திருக்கிற நேரம். முதலில் மூக்கில் ஏறியது, அடுத்த நொடி யாருக்கும் கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் இங்கே நர்ஸாகச் சேர்ந்த பிறகு இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மேற்கு வாசல் வழியாக முக்கால்வாசிப் பேர் ஓடி வந்துவிட்டார்கள். கிழக்கு வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டு. இறால் திருட்டுப் போகிறது என்று போட்டது. ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் சஞ்சுலதா அந்தப் பக்கமாக ஓடி, பூட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளையும் வெளியே கொண்டுவந்தாயிற்று. இயந்திரம் ஓட்டும் சண்முகக்கனி அண்ணாச்சி முகமூடி மாட்டிக்கொண்டு போய் வால்வை மூடினார். முற்றத்துக் குழாயடியில் வரிசையாக உட்காரவைத்துக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். ஆறு பேருக்குக் கண் எரிச்சலும் இருமலும்.

மேலாளர் வில்பிரட் ஓடிவந்தார். என் தங்கை கிளாராவின் வீட்டுக்காரர். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மதினி, யாருக்கும் ஒண்ணுமில்லல்லா?"

"ஆறு பேருக்குக் கண்ணு. சஞ்சுலதாவுக்கு மூச்சு வாங்குது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும் தம்பி."

"நம்ம டாக்டர்ட்டயே காட்டிருவோம். தரை கழுவுத மருந்து பட்டுட்டுன்னு சொல்லிக்கிடலாம்."

கம்பெனி வேனிலேயே போனார்கள். நானும் கூடப் போனேன். டாக்டர் கேட்டதற்கு வில்பிரட் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன்.

சேலையை இரண்டு முறை சோப்புப் போட்டு ஊறவைத்தும் நெடி போகவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுக் காலம், ஊரெல்லாம் புழுதி. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கோவிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போகவில்லை.

ஜூன் 15, வியாழன்

ஐந்து பேர் வேலைக்கு வந்துவிட்டார்கள். சஞ்சுலதா விடுதியில் படுத்திருக்கிறாள். கண் இன்னும் சிவப்பு. விடுதி என்பது இயந்திர அறைக்குப் பின்னால் இருக்கும் பழைய சரக்குக் கொட்டகை. நடுவில் தகரம் அடித்து மேலும் கீழுமாகக் கட்டில் போட்டிருக்கிறார்கள். வெளியூர்ப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான். ஒரு வாசல். அதையும் வேலை முடிந்ததும் வாட்ச்மேன் வெளியிலிருந்து பூட்டுகிறார். பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காம்.

அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம், எனக்கு ஒடியா ஒன்றும் தெரியாது. என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். காய்ச்சல் இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

பூசை முடிந்து கிளாரா வீட்டில் சாப்பாடு. நண்டு வைத்திருந்தாள். நான் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டேன்.

"என்னக்கா இப்படி இருமுத?"

"புழுதிடி."

"ஒரு வாரமாவா புழுதி? டாக்டர்ட்டப் போ."

வில்பிரட் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.

கிளாரா கை கழுவ உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னேன்: "தம்பி, திங்கக்கிழமை நடந்ததை தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்குச் சொல்லணும்லா? ஆளுக்கு அடிபடாட்டாலும் சொல்லணும்னு வேலைக்குச் சேரும்போது வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்களே."

"சட்டம் எனக்குத் தெரியாதா மதினி? சொன்னா அன்னைக்கே பூட்டிருவாவ. அடுத்த மாசம் நம்ம இறால் வாங்குத வெளிநாட்டுக்காரன் கம்பெனியைப் பாக்க வாரான். அவன் வந்துட்டுப் போவட்டும், குழாயை மாத்திருவோம். முதலாளி சரின்னுருக்காரு."

முதலாளி கொச்சியில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை வந்து இறாலைப் பார்த்துவிட்டுப் போவார்.

வில்பிரட் கெட்டவர் இல்லை. என் வீட்டுக்காரர் கடலில் இறந்துபோனபோது என்னோடு நின்ற மனுஷன் அவர் ஒருவர்தான். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 21, புதன்

விரல் வெட்டு நாலு. தலைவலி ஒன்று. சண்முகக்கனி அண்ணாச்சி ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். கூடியிருந்தது.

"உறங்குதியளா அண்ணாச்சி?"

"எங்க? அந்தக் குழாயச் சுத்தி உறை போட்டிருக்கு பாத்தியளா. அதுக்குள்ள தண்ணி எறங்கி என்ன ஆயிருக்கோ. மேலே பாத்தா பளபளன்னு இருக்கு. மேனேஜரும் குழாய மாத்தப் பணம் வேணும்னு ரெண்டு மட்டம் முதலாளிட்ட கேட்டாச்சு. இப்போ அவரும் மத்தியானச் சோத்துக்குக்கூட வீட்டுக்குப் போறதில்ல. எங்கூடத்தான் அந்த ரூமு வாசல்ல ஒக்காந்துக்கிட்டுக் குழாயையே பாத்துக்கிட்டு இருக்காவ."

மாத்திரை கொடுத்து அனுப்பினேன். எனக்கும் ஒரு இருமல் மருந்து எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 28, புதன்

சாயங்காலம் திரும்பவும்.

இந்த முறை கொஞ்சம்தான். கூடத்தில் யாரும் இல்லை, வேலை முடிந்துவிட்டது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். நெடி வந்தது. அதற்குப் பிறகு தகரத்தைத் தட்டுகிற சத்தம். நாற்பது ஐம்பது கைகள் ஒன்றாகத் தட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. வாட்ச்மேன் டீ குடிக்க ரோட்டுக்குப் போயிருந்தார். சாவி அவர் இடுப்பில்.

சண்முகக்கனி அண்ணாச்சி வால்வை அடைத்த பிறகுதான் வாட்ச்மேன் வந்து திறந்தார். பெண்கள் மணலில் வந்து விழுந்தார்கள். சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள். சஞ்சுலதா சிரிக்கவும் இல்லை அழவும் இல்லை. கதவைத் திரும்பிப் பார்த்தபடி நின்றாள்.

யாருக்கும் ஒன்றுமில்லை என்றார் வாட்ச்மேன். யாருக்கும் ஒன்றுமில்லை என்று வில்பிரட் கொச்சிக்குப் போனில் சொன்னார். நானும் கிளாராவிடம் அதையேதான் சொன்னேன்.

ஜூன் 29, வியாழன்

சோறு பொங்கவில்லை. பிரெட்.

ஜூலை 1, சனி

வில்பிரட்டின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"நீங்களே ஆபீசுக்குச் சொல்லிருங்க தம்பி. நீங்க சொன்னா மரியாதை. இல்லன்னா நான் போயிச் சொல்லிருவேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மதினி, பேப்பர்ல பொறுப்பாளின்னு இருக்கது என் பேருதான். முதலாளி பேரு இல்ல. கேஸுன்னு வந்தா நான்தான் நிக்கணும். உங்க தங்கச்சியை நினைச்சுப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"ஒரு மாசம் பொறுங்க."

"அந்தப் பிள்ளையளைப் பூட்டி வச்சிருக்கியளே தம்பி. ஒரு மாசத்துக்குக் குழாய் பொறுக்குமா?"

ஜன்னல் வழியே விடுதித் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வரை பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். படி இறங்கும்போது மூச்சு வாங்கியது. வயசாகிறது.

ஜூலை 2, ஞாயிறு

கிளாரா வீட்டுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று போனில் சொன்னேன். துணி துவைத்தேன். தலையணை உறை எல்லாம் மாற்றினேன்.

ஜூலை 3, திங்கள்

காலையில் வில்பிரட்டுக்குப் போன் போட்டேன். "இன்னும் இல்ல மதினி" என்றார். லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம் ஒரு மாடியில். பெண் அதிகாரி. என் வயதுதான் இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, மேசையில் பாதி குடித்த மோர். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன், எல்லாம் கலைந்துவிட்டது. முதலில் சங்கிலியைப் பற்றிச் சொன்னேன். பிறகு விடுதிக் கதவு. பிறகுதான் குழாய். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டார்:

"ரெண்டு தடவையா? ஒரு தகவலும் எங்களுக்கு வரலையே."

"வரலை மேடம்."

"நீங்க சொன்னதா வெளியில வராது. பேர் சொல்ல மாட்டோம்."

"பரவால்ல மேடம். மேனேஜர் என் தங்கச்சி மாப்பிள்ளை. சாயங்காலம் நானே போய்ச் சொல்லத்தான் போறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தண்ணி குடிங்க" என்றார். இருமல் நிற்கவில்லை, அதனால்தான்.

சாயங்காலம் கிளாராவின் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னேன். வில்பிரட் இன்னும் வரவில்லை. அவள் கையில் மாவு. தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அவிய ஜெயிலுக்குப் போவணுமாக்கும் உனக்கு?"

"கிளாரா, அந்தப் பிள்ளைய..."

"எந்தப் பிள்ளைய? ஊரு பேரு தெரியாதவளுகளுக்காக என் குடியக் கெடுத்துட்டு வந்து நிக்கியே. உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததுக்கு இதுவா?"

கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஜூலை 5, புதன்

வந்தார்கள். அந்த அதிகாரியும் இன்னும் இரண்டு பேரும். முதலில் கிழக்கு வாசல். சங்கிலியை அப்போதே வெட்டச் சொன்னார். விடுதிக் கதவின் பூட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு குழாய். ஏணி வைத்து, வெளி உறையைக் கத்தியால் கீறிப் பிரித்தார்கள். உள்ளே இரும்பு பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. சண்முகக்கனி அண்ணாச்சி சிலுவைக்கு முன்னால் நிற்கிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவர் இந்து.

கொச்சியிலிருந்து காலையிலேயே வில்பிரட்டுக்குப் போன் வந்திருந்தது. ஆபரேட்டர் வால்வைச் சரியாக மூடவில்லை என்று சொல்லும்படி. அண்ணாச்சிக்கும் அது தெரியும். அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம்.

அதிகாரி கேட்டார்: "ஆபரேட்டரோட கவனக்குறைவுன்னு உங்க முதலாளி போன்ல சொல்றாரே?"

வில்பிரட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல மேடம். குழாய் அரிச்சுப் போச்சு. எனக்குத் தெரியும். மாத்தறதுக்கு ரெண்டு மட்டம் பணம் கேட்டேன், தரலை. தராட்டா நான் ஓட்டத்தை நிப்பாட்டியிருக்கணும். நிப்பாட்டலை. உங்களுக்குத் தகவல் சொல்லாம விட்டதும் நான்தான். இவர் அன்னைக்கு வால்வை மூடலைன்னா இன்னைக்கு நாம இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

"எத்தனை பேருக்குப் பாதிப்பு?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "ஆறு பேர்" என்றேன்.

"ஏழு" என்றார் வில்பிரட்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒடிசாப் பிள்ளை உள்ள மாட்டிக்கிட்டப்போ மதினிதான் உள்ள போனாவ. முகமூடி கிடையாது, ஈரத் துணியைக் கட்டிக்கிட்டுப் போனாவ. பாதியில முடியாம வெளிய வந்து, திரும்பவும் போயி இழுத்துட்டு வந்தாவ. அன்னைலருந்து இருமிக்கிட்டு இருக்காவ மேடம். என் வீட்டுல, என் எதிர்ல ஒக்காந்து இருமுனாவ. நான் சோறு தின்னுக்கிட்டு இருந்தேன்."

அவர் குரல் உடைந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நான் முதலுதவி அறைக்குப் போய் அலமாரியை அடுக்கினேன்.

குழாய் முழுவதும் மாற்றும் வரை கம்பெனி ஓடக் கூடாது என்று உத்தரவு.

ஜூலை 6, வியாழன்

கேட்டில் உள்ளூர்ப் பெண்கள் கூட்டம். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் முத்துப்பேச்சி முன்னால் வந்தாள். அன்றைக்குக் கண் எரிந்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி. நான்தான் தண்ணீர் விட்டேன்.

"எங்க வயித்துல அடிச்சிட்டியளே சிஸ்டர். கண்ணு எரிஞ்சது எனக்கு. நான் ஏதாச்சும் கேட்டனா? பிள்ளையளுக்கு நான் என்னத்தப் போடுவேன்?"

அவள் கேட்டதில் தப்பில்லை.

ஜூலை 11, செவ்வாய்

வில்பிரட்டை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். வழக்கு முதலாளி மேலும் இருக்கிறது, இவர் மேலும் இருக்கிறது. அண்ணாச்சி போனில் சொன்னார். கிளாராவுக்கு ஐந்து முறை போன் போட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

அதிகாரி சொன்னதால் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இளம் டாக்டர். ரொம்ப நேரம் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு மாசம் கழிச்சா வர்றது? நீங்க நர்ஸ்தானே?"

"ஆமா சார்."

"வேற யாராவது இப்படி வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

மூச்சோடு உறிஞ்சும் மருந்து கொடுத்திருக்கிறார். காலையும் மாலையும். குணமாகும், ஆனால் முழுதாக ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மேல் சுருதிப் பாட்டெல்லாம் இனி வேண்டாம் என்று கோவிலில் நானே சொல்லிவிட்டேன்.

ஜூலை 26, புதன்

மாதா கோவில் கொடியேற்றம். நல்ல கூட்டம். கொடி ஏறும்போது எல்லோரும் மேலே பார்த்தார்கள், நான் கிளாராவைப் பார்த்துவிட்டேன். நாலைந்து ஆள் தள்ளி நின்றாள். மெலிந்திருக்கிறாள். அவளும் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு திரும்ப ஒருமுறை பார்த்தாள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை, இடையில் ஆள் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, திங்கள்

கம்பெனி மறுபடி ஓடுகிறது. புதுக் குழாய், புது மேலாளர். வெளியூர்ப் பெண்களுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பிடித்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடலாம். சஞ்சுலதா ஊருக்குப் போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. "அங்கே வேலை இல்லை சிஸ்டர்" என்றாள்.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. வழக்கு நடக்கிறது, இப்போது எடுத்தால் நன்றாக இருக்காது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். புது மேலாளர் என்னோடு பேசுவதில்லை. உள்ளூர்ப் பெண்களும் பேசுவதில்லை. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

முத்துப்பேச்சி விரல் வெட்டோடு வந்தாள். கையை மட்டும் நீட்டினாள். கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். போகும்போது வாசலில் நின்று, "இருமல் தேவலையா?" என்று கேட்டாள். தேவலை என்றேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட உட்காரப் போனேன். வாசலில் கிளாரா.

உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினாள்.

"அவியளுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனில வேலை கெடச்சிருக்கு. சின்னது. ரொம்ப வருசத்துப் பழசு."

"அண்ணாச்சி சொன்னாவ."

"அங்கயும் அமோனியாதான். வெள்ளிக்கிழம கொஞ்சம் கசிஞ்சிருக்கு. ஆளு யாரும் பக்கத்துல இல்ல. யாரும் கேக்கப் போறதுமில்ல. அவிய என்ன செஞ்சாவ தெரியுமா? மொதலாளிட்டச் சொல்லிட்டு, அந்த மேடத்துக்குப் போனைப் போட்டுச் சொல்லிட்டாவ."

செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினேன்.

"மொதலாளி கத்துகத்துன்னு கத்துனாராம். ராத்திரி பூரா பொரண்டுக்கிட்டே கெடந்தாவ. வேலை இருக்குமோ போயிருமோன்னு எனக்கும் உறக்கம் இல்ல. விடிஞ்சதும் எந்திரிச்சி, குளிச்சி, சட்டையைப் போட்டுக்கிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி போறாவ அக்கா."

அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். நிலையிலேயே சாய்ந்துகொண்டு அழுதாள். சின்ன வயதில் அழுவது மாதிரியே, மூக்கைத் துடைக்காமல்.

"நீ உள்ள போனத எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு."

"எனக்கு உங்க ரெண்டு பேரு மேலயும் கோவம் இன்னும் போவலை."

"போவ வேண்டாம். உள்ள வா. வெயிலு."

வந்தாள். என் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில் அவள் போன் அடித்தது. வில்பிரட். எனக்கும் கேட்கும்படி வைத்தாள். முதலாளி மெக்கானிக்கை அனுப்பியிருக்கிறாராம், குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்களாம், வேலை முடிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம். குரலில் களைப்பு. பின்னால் இரும்பைத் தட்டும் சத்தம்.

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"அக்கா வீட்டுல இருக்கேன்" என்றாள் கிளாரா. "வேலைய முடிச்சிட்டு நேரா இங்க வாங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சோறு இருக்குல்லா?"

இல்லை. எனக்கு மட்டும்தான் பொங்கியிருந்தேன். அரிசி களைந்து உலை வைத்தேன்.